பன்னிரண்டாம் எண் ரத்தம்

பெங்களூரு
11 ஜூன் 2024

அன்புள்ள வினோலியா மதினி,

நான் போன் அடித்தால் நீங்கள் எடுப்பதில்லை. அண்ணனிடம் கேட்டால் "அவ வேலையா இருக்கா" என்கிறான். பொய் சொல்லும்போது ஜெயசுந்தர் அண்ணனின் குரல் எப்படி இறங்கும் என்று அவன் தங்கச்சிக்கும் தெரியும், பெண்டாட்டிக்கும் தெரியும். அதனால் ரத்தத்தின் கெட்டியை அளக்கிற புதுச் சில்லுகள் வரும் பெட்டிக்குள்ளேயே கடிதத்தை வைக்கிறேன். பெட்டியை நீங்கள் திறந்துதானே ஆக வேண்டும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நாரணாபுரம் ஆலய ஹாலில் நீங்கள் எடுத்த ரத்தம் அத்தனையும் கெட்டி என்று அளவு வந்திருக்கிறது. ஒன்றிரண்டு என்றால் விட்டுவிடலாம். பட்டாசுக் கம்பெனிக்கு நாள் தவறாமல் போய்வருகிற பெண்கள், நோய் நொடி இல்லாதவர்கள், அத்தனை பேருக்கும் எப்படி? இவர்களுடைய அளவைத்தான் நல்ல ரத்தத்தின் அளவு என்று வைத்துக்கொண்டு, உங்கள் தீக்காய வார்டு நோயாளிகளின் ரத்தத்தை ஒப்பிடப் போகிறோம். அளவுகோலே கோணல் என்றால் மற்றதெல்லாம் வீண்.

எங்கள் ஆய்வகத்து சார் முதலில் சில்லைத்தான் சந்தேகப்பட்டார். அதில் கெட்டுப்போக ஒன்றும் இல்லை. தலைமுடியைவிட மெல்லிய ஒரு பாதை. அதில் எங்களுக்குத் தெரிந்த ஒரு திரவமும் ரத்தமும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். ரத்தம் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு அகலத்தை அது பிடித்துக்கொள்ளும். கேமரா அந்த அகலத்தை அளக்கும். அவ்வளவுதான்.

கையில் ரப்பர் பட்டையை ரொம்ப நேரம் கட்டி வைத்தாலும், குழாயை வெயிலில் வைத்தாலும் அளவு மாறும் என்று நான் சொன்னேன். அதையே உங்கள் சூப்பிரண்டுக்கு மெயிலாக எழுதச் சொன்னார். எழுதினேன். உங்கள் பெயரைப் போடவில்லை மதினி. ரத்தம் எடுப்பவர் முறைகளைச் சரியாகக் கடைப்பிடிக்கிறாரா என்று பார்க்கவும் என்று மட்டும்தான் எழுதினேன்.

அதனால்தான் கோபமா? அல்லது வேறு ஏதாவதா? பதில் போடுங்கள்.

பியூலா


ஆமத்தூர்
19 ஜூன் 2024

பியூலாவுக்கு,

பெயரைப் போடவில்லையாம். ரத்தம் எடுத்தது நான் ஒருத்தி. பெயர் எதற்கு?

சூப்பிரண்டு உன் மெயிலை எனக்கு வாசித்துக் காட்டினார். இரண்டு டாக்டர்கள் பக்கத்தில் இருந்தார்கள். மறுநாளே தீக்காய வார்டுப் பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார். இப்போது வெளிநோயாளிப் பிரிவில் ஊசி போடுகிற அறையில் உட்கார்ந்திருக்கிறேன். விசாரித்து முடிக்கும்வரை அங்கேதானாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், உன் பழைய கணக்கு டீச்சர் ஞானபூரணி வழிமறித்து, "என்ன சிஸ்டர், வார்டு மாத்திட்டாகளாமே, ஏதும் பிரச்சினையா?" என்கிறாள். ஆலய வாசலில் நின்று நான் என்ன சொல்லட்டும்? என் நாத்தனார் எழுதிவிட்டாள் என்றா?

பட்டையை எப்போது அவிழ்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? தோல் உரிந்த கையில் நரம்பு தேடிப் பழகியவள் நான். ரத்தம் குழாய்க்குள் வந்த நொடியில் என் இடது கை தானாகப் பட்டையை இழுத்துவிடும். குழாய்கள் வெயிலைப் பார்க்கவே இல்லை. ஹாலுக்குள்ளேயே எடுத்து, ஹாலுக்குள்ளேயே உன் சில்லில் விட்டேன். சில்லைச் செருகுகிற உன் அளவுப் பெட்டியும் அளவை எனக்குக் காட்டாது, உனக்குத்தான் அனுப்பும். கண்ணைக் கட்டி வேலை வாங்கிவிட்டு, வழி தவறினாய் என்று நீ சொல்கிறாய்.

இந்த வேலைக்கு நான் எதற்குச் சம்மதித்தேன் என்று உனக்கு நினைவிருக்கிறதா? நீ நாத்தனார் என்பதற்காக இல்லை. தீப்பட்டு வருகிறவர்களுக்கு, தோல் போன இடம் வழியாக உடம்பின் நீரெல்லாம் கசிந்து ரத்தம் கூழாகிவிடும். எவ்வளவு டிரிப் ஏற்றுவது என்று டாக்டர் கணக்குப் போடுவார். குறைந்தால் சிறுநீரகம் போய்விடும், கூடினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். போன சீசனில் ஒரு பெண் என் கையைப் பிடித்தபடி போய்ச் சேர்ந்தாள். ஒரு துளி ரத்தத்தைப் படுக்கைக்குப் பக்கத்திலேயே வைத்துச் சொல்லிவிடலாம் என்று நீ சொன்னபோது எனக்கு அந்தப் பெண்தான் ஞாபகம் வந்தாள்.

பட்டாசுக் கம்பெனிகளில் தீபாவளி லோடு இப்போதே ஓட ஆரம்பித்துவிட்டது. அந்த வார்டுக்கு நான் தேவைப்படுகிற நேரத்தில் காய்ச்சல்காரர்களுக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கிறேன். இதில் ஓயாத தலைவலி வேறு. அதுவும் உன் உபயம்தான்.

போனில் பேசினால் கத்திவிடுவேன். எழுது, போதும்.

வினோலியா


பெங்களூரு
27 ஜூன் 2024

அன்புள்ள மதினி,

உங்களை வார்டிலிருந்து எடுப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. இதை எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால் எனக்கே பிடிக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் மேலிடத்துக்கு ஒரு மெயில் போனால் அது கீழே யார் தலையில் விழும் என்று தெரியாத அளவுக்கு நான் சின்னப் பிள்ளை இல்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சார் சில்லைச் சந்தேகப்பட்டதும் பயந்துவிட்டேன். நாலு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். அது தவறு என்றால் என்னிடம் வேறு ஒன்றுமே இல்லை. அந்தப் பயத்தில் என் சில்லைக் காப்பாற்ற உங்கள் கையைக் காட்டிவிட்டேன். இதுதான் உண்மை. மன்னியுங்கள் என்று கேட்கக்கூடக் கூச்சமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு, எங்கள் ஆய்வகத்துப் பிள்ளைகளின் ரத்தத்தை அதே சில்லில் வைத்துப் பார்த்தேன். சரியாக வருகிறது. உங்கள் கையும் சரி, சில்லும் சரி என்றால் அன்று அந்த ஹாலில் வேறு என்னவோ இருந்திருக்கிறது. அன்று நடந்ததை யோசித்துப் பாருங்கள். முடிந்தால் அந்தப் பெண்களிடமும் பேசிப் பாருங்கள்.

இரண்டாம் சுற்றுக்கு வேறு நர்ஸை அனுப்புவதாக உங்கள் சூப்பிரண்டு சொன்னார். வினோலியா சிஸ்டர் எடுக்காவிட்டால் இரண்டாம் சுற்றே வேண்டாம் என்று சாரிடம் சொல்லிவிட்டேன். சார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

பியூலா


ஆமத்தூர்
7 ஜூலை 2024

பியூலா,

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் இதை எழுதுகிறேன்.

நேற்று சிவகாசியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் முத்துமாரி ஏறினாள். அன்று பெண்களையெல்லாம் திரட்டிக்கொண்டு வந்தவள் அவள்தான். வெடிக்குத் திரி வைக்கிறவள், வாயும் அப்படித்தான். பக்கத்தில் உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்தேன்.

"அன்னைக்கு மத்தியானம் என்ன சாப்பிட்ட முத்துமாரி?"

"என்ன சிஸ்டர் இப்படிக் கேக்கீக? ரத்த டெஸ்ட்டுன்னா வெறும் வயித்துலதானே வரணும். அம்புட்டுப் பேரும் பட்டினியாத்தான் வந்தோம்."

"தண்ணியாவது குடிச்சீகளா?"

"பச்சத் தண்ணி பல்லுல படல சிஸ்டர்." அதை எவ்வளவு பெருமையாகச் சொன்னாள் என்கிறாய். "வெள்ளைத்தாய்க்குத்தான் ஷெட்டுல கண்ண இருட்டிக்கிட்டு வந்துச்சு. ஒரு மடக்கு குடிச்சிக்கிறேன்னா. ஏளா, சிஸ்டர் நம்மள நம்பி வாராக, நீ ஒருத்தி குடிச்சு காரியத்தக் கெடுத்துராதன்னு நாங்கதான் பிடிச்சு வச்சோம்."

கேட்டாயா? காலையில் வீட்டை விட்டுக் கிளம்பி, தகரத்துக்குக் கீழே அந்த வெக்கையில் சாயங்காலம்வரை வேலை பார்த்துவிட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் எனக்கு முன்னால் கையை நீட்டியிருக்கிறார்கள். ரத்தம் கெட்டியாகாமல் என்ன செய்யும்? நாக்கு ஒட்டிப்போய்த்தான் அன்று யாரும் வாய் திறக்கவில்லை. நான் என்னவோ ஊசிக்குப் பயந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"அவர்களுக்கு எதுவும் சொல்லிக்கொடுக்காதீர்கள், வழக்கம்போல் வரட்டும்" என்று நீ சொன்னாய். நானும் சொல்லவில்லை. வழக்கம்போல் வந்துவிட்டார்கள். ரத்தப் பரிசோதனைக்கு நம் ஊரில் வேறு எப்படி வருவார்கள்? சர்க்கரை பார்க்க வருகிறவர்களை "வெறும் வயித்துல வாங்க" என்று பழக்கி வைத்ததே என்னைப் போன்றவர்கள்தான். உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இதில் நான் உன்னைவிட ஒன்றும் ஒசத்தி இல்லை.

இரண்டாம் சுற்றுக்கு நல்லாச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து வரச் சொல்லியிருக்கிறேன். "அப்ப போன தடவ இருந்த பட்டினி வீணா சிஸ்டர்?" என்று முத்துமாரி கேட்டாள்.

இந்த அளவுகள் சரியாக வந்தால்தான் எனக்கு வார்டு. இதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வினோலியா


பெங்களூரு
30 ஜூலை 2024

அன்புள்ள மதினி,

சரியாக வந்துவிட்டது. அத்தனை பேருக்கும் அளவு இறங்கி, இருக்க வேண்டிய இடத்தில் வந்து நிற்கிறது. திரையைப் பார்த்துக்கொண்டே அழுதுவிட்டேன். சார் டீ வாங்கிக் கொடுத்தார். அவர் யாருக்கும் டீ வாங்கிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. முதல் சுற்றில் பிழை எங்கள் திட்டத்தில்தான், ரத்தம் எடுத்தவர் கையில் இல்லை என்று சூப்பிரண்டுக்கு எழுதிவிட்டேன். இந்தத் தடவை உங்கள் பெயரைப் போட்டு எழுதினேன்.

ஆனால் ஒரு விஷயம். அத்தனை பேர் என்று எழுதினேன், ஒருத்தியைத் தவிர. பன்னிரண்டாம் எண். மற்றவர்களெல்லாம் இறங்கியபோது அது மட்டும் ஏறியிருக்கிறது. கொஞ்சநஞ்சம் இல்லை. முதலில் சில்லில் காற்றுக் குமிழி என்று நினைத்தேன். படத்தை எடுத்துப் பார்த்தேன், குமிழி இல்லை. அந்த ரத்தம் பாதையை அடைத்துக்கொண்டு ஓடுகிறது. தண்ணீர் குடிக்காமல் இருந்தால்கூட இவ்வளவு வராது.

இங்கே ரத்த நோய் டாக்டர் ஒருவரிடம் காட்டினேன். எலும்பு மஜ்ஜை அளவுக்கு மீறிச் சிவப்பணுக்களை உண்டாக்கினால் இப்படி இருக்கும் என்றார். இருக்கலாம் என்றுதான் சொன்னார், பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். அந்த நோயாக இருந்தால் ரத்தம் எப்போது வேண்டுமானாலும் உறைந்து மூளைக்கோ இதயத்துக்கோ போய் அடைக்கும். கண்டுபிடித்துவிட்டால் சமாளித்துவிடலாம்.

எனக்கு எண் மட்டும்தான் வரும், பெயர் தெரியாது, தெரியவும் கூடாது. நீங்கள்தான் போக வேண்டும் மதினி. எனக்கு ஒன்றுமில்லை என்பாள். வேலை போய்விடும் என்பாள். சீசன் முடியட்டும் என்பாள். எதையும் கேட்காதீர்கள். மறுத்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மதுரைக்குப் போங்கள்.

பியூலா


ஆமத்தூர்
8 ஆகஸ்ட் 2024

அன்பு பியூலா,

நேற்று வார்டு கிடைத்துவிட்டது. சூப்பிரண்டு எல்லோர் முன்னாலும் கையைக் கொடுத்தார். நான் இல்லாத நாட்களில் துணி மாற்றுகிற தள்ளுவண்டியின் சக்கரம் ஒன்று உடைந்து, அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். முதல் வேலையாக அதைச் சரிசெய்தேன். வந்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உன் அண்ணனைக் கேள், ராத்திரி பாட்டே பாடினேனாம்.

பன்னிரண்டாம் எண்ணைப் பற்றி. அது பானுப்பிரியா என்று ஒரு பெண்ணின் எண். அவள் கல்யாணமாகிக் கோவில்பட்டிக்குப் போய்விட்டாள். இரண்டாம் சுற்றில் அந்த எண் காலியாக இருந்தது. அதில் என் ரத்தத்தை வைத்தேன்.

ஏன் வைத்தாய் என்று கேட்பாய். கோபத்தில்தான். மறுபடியும் எல்லாம் கோணலாக வந்தால், இதோ பாருங்கள், நன்றாகச் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்த ஒருத்தியின் ரத்தம், அதே கை, அதே பட்டை, அதே குழாய், இது மட்டும் சரியாக இருக்கிறதே என்று உன் மூஞ்சியிலும் சூப்பிரண்டு மூஞ்சியிலும் காட்ட நினைத்தேன். முத்துமாரியைப் பட்டையை இழுக்கச் சொல்லி நானே எடுத்துக்கொண்டேன். உன் முறைகளில் நான் மீறியது அது ஒன்றைத்தான்.

உன் கடிதம் வந்த பிறகு எங்கள் லேபில் பெயர் சொல்லாமல் என் ரத்தத்தைக் கொடுத்துப் பார்த்தேன். சிவப்பணு கூடுதல்தான். தலைவலி, குளித்துவிட்டு வந்தால் உடம்பு முழுக்க அரிப்பு, கண் சிவப்பு, எல்லாவற்றையும் இப்போது சேர்த்துப் பார்க்கிறேன். இதையே ஒரு நோயாளி வந்து சொல்லியிருந்தால் அன்றே டாக்டரிடம் அனுப்பியிருப்பேன்.

ஆனால் தீபாவளி முடியட்டும். இன்று காலைகூட ஆனைக்குட்டம் பக்கத்திலிருந்து ஒரு பையன் கையில் கட்டோடு வந்திருக்கிறான். இப்போது போய் எனக்கு உடம்பு சரியில்லை என்று நின்றால் மறுபடி அந்த ஊசி அறை. அதைவிடச் செத்துப்போகலாம். கோபத்தில் எழுதிவிட்டேன், அந்த வரியை அடிக்கவில்லை, இருக்கட்டும். நவம்பரில் நானே போகிறேன். உன் அண்ணனிடம் மூச்சு விடாதே. அவன் தாங்க மாட்டான்.

மதினி


பெங்களூரு
13 ஆகஸ்ட் 2024

மதினி,

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதம் வருவதற்குள் அவன் உங்களை மதுரைக்குக் கூட்டிப் போயிருப்பான். போயிருக்காவிட்டால் இதைப் படித்ததும் கிளம்புங்கள்.

முதலில் சூப்பிரண்டுக்கு மெயில் எழுதினேன். டாக்டர் பார்க்கும்வரை உங்களுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று. எழுதி முடித்து, அனுப்புகிற பொத்தானில் விரலை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். உங்கள் வார்டை உங்களிடமிருந்து ஒரு தரம் பிடுங்கியது போதும். அதை விடுவதும் வைத்துக்கொள்வதும் நீங்கள் பேசிக்கொள்ள வேண்டியது. ஆனால் அண்ணன் விஷயத்தில் உங்கள் பேச்சைக் கேட்க மாட்டேன். திட்டிக்கொள்ளுங்கள்.

அவன் தாங்க மாட்டான் என்று எழுதியிருந்தீர்கள். போனில் அவனுக்குப் பின்னால் அச்சு பிரஸ்ஸில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம், "தலை வலிக்கு, தலை வலிக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தா பியூலா, நான் தைலத்தத்தான் எடுத்துக் குடுத்தேன்" என்றான். உடனே, "எந்த ஆஸ்பத்திரி, பேரச் சொல்லு" என்றான். உங்களைவிட அவன் திடமாக இருக்கிறான்.

மதினி, அந்தப் பன்னிரண்டாம் எண்காரி யாரோ என்று நினைத்து நான் அவளுக்காக ஜெபம்கூட செய்தேன். அது நீங்கள் என்று படித்ததும் ஜெபிக்க வரவில்லை. உங்கள் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. நீங்கள் இல்லாவிட்டால் எனக்கு அந்த வீட்டில் சண்டை போட யார் இருக்கிறார்கள்?

பியூலா


மதுரை
2 செப்டம்பர் 2024

அன்பு பியூலா,

கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. வலது கையில் ஊசி ஏற்றி வைத்திருக்கிறார்கள், இடது கையால் எழுதுகிறேன்.

நீ சொன்ன நோய்தான். மரபணு சோதனையும் அதையே சொல்லிவிட்டது. வைத்தியம் ஒன்றும் பெரிதில்லை. உடம்பிலிருந்து ரத்தத்தை எடுத்துக் குறைக்கிறார்கள், உறையாமலிருக்க ஒரு மாத்திரை. அளவு இறங்கும்வரை அடிக்கடி வர வேண்டும், பிறகு எப்போதாவது, ஆனால் ஆயுசு முழுக்க. முதல் பை எடுத்ததுமே தலைக்குள் இருந்த பாரம் இறங்கிவிட்டது. இத்தனை மாதம் அந்தப் பாரத்தோடு நடந்தேன் என்பது அது போன பிறகுதான் தெரிகிறது.

நேற்று ஒரு கூத்து. சிஸ்டருக்கு ரத்தத்தில் கோளாறு என்று நாரணாபுரத்தில் பேச்சுப் பரவி, முத்துமாரி ஞாயிற்றுக்கிழமை லீவில் ஒரு வேன் பெண்களைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கே வந்துவிட்டாள். எனக்கு ரத்தம் கொடுக்க. "எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கோங்க சிஸ்டர், இங்கன வரிசையா நிக்கோம்" என்கிறாள். எனக்கு ரத்தம் குறைச்சல் இல்லை முத்துமாரி, கூடிப்போச்சு, எடுத்துக் கீழேதான் கொட்டுகிறார்கள் என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள். "நல்ல ரத்தத்தையா கொட்டுறாக?" என்று நர்ஸிடம் சண்டைக்குப் போய்விட்டாள். நான் போர்வையை மூடிக்கொண்டு அழுதேன். சிரித்தேன் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

சூப்பிரண்டிடம் நானே பேசினேன். வைத்தியத்துக்கு வருகிற நாள் தவிர மற்ற நாட்களில் வார்டு என்னுடையதுதான் என்றார். ரத்தம் அளக்கிற உன் பெட்டி அங்கே வந்து சேர்ந்துவிட்டது. அதில் சில்லை எப்படி வைப்பது என்று வார்டில் எனக்குப் பதிலாக நிற்கிற சிஸ்டருக்குப் படுக்கையில் இருந்தே போனில் சொல்லிக்கொடுக்கிறேன்.

இதை உன்னிடம் சொல்லியாக வேண்டும். இப்படியே தீபாவளிவரை போயிருந்தால், வார்டிலேயே ஒரு நாள் நான் விழுந்திருப்பேன் என்று டாக்டர் சொன்னார். உன் அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான். யோசித்துப் பார்த்தேன். நீ அந்த மெயிலை எழுதியிருக்காவிட்டால் எனக்கு ரோஷம் வந்திருக்காது. ரோஷம் வராவிட்டால் என் ரத்தத்தை அந்தச் சில்லில் நான் வைத்திருக்கவே மாட்டேன். நீ எனக்குச் செய்த அந்தக் கேவலத்தால்தான் நான் உயிரோடு இருக்கிறேன். இதற்கு உனக்கு நன்றி சொல்ல எனக்கு மனசு வரவில்லை. திட்டவும் வாய் வரவில்லை. நீ ஒரு தரம் நேரில் வந்து முன்னால் நில், எது வருகிறது என்று பார்ப்போம்.

உன் மதினி
வினோலியா